மாமாவின் ஐம்பது லட்சம்: ஆப்பில் தேடிய வீடும் அஞ்சலகத்தில் போட்ட பணமும்

அக்கா வீட்டுக்காரர் ஐ.சி.எஃப். என்கிற சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்த வாரமே, யாரோ சொன்னார்கள் என்று கைபேசியில் நான்கு ஆப்களை இறக்கிக்கொண்டார். கொரட்டூர் பக்கம் இரண்டு படுக்கையறை, 45 லட்சத்துக்குள் என்று தட்டியிருக்கிறார். “தட்டி முடிக்கல மாப்ள, போன் அடிக்குது” என்றார். மூன்று நாளில் 37 அழைப்புகள். யார், எந்த ஏரியா, என்ன விலை என்று எல்லாவற்றையும் டைரியில் குறித்து வைத்திருந்தார். ரயில்வேக்காரர், எதற்கும் ஒரு ரிஜிஸ்டர் உண்டு.

அந்த டைரியை வைத்துக்கொண்டு அவரும் நானும் ஆறு மாதம் அலைந்தோம். கையில் ஐம்பது லட்சம். சொந்த வீடு வில்லிவாக்கத்தில் இருக்கிறது, குடியிருக்க வீடு வேண்டியதில்லை. மாதாமாதம் கொஞ்சம் பணம் வர வேண்டும், பெண்ணுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும். அவ்வளவுதான் தேவை. ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவதா, மனை வாங்கிப் போடுவதா, வாடகை வரும் அலுவலகங்களிலும் மால்களிலும் பங்கு மாதிரி வாங்குகிற, இப்போது பேசப்படுகிற ரீட் யூனிட்டுகளா என்று மூன்று வழிகள் முன்னால் இருந்தன. நாலாவதாக ஒன்றை அவர் மகள் சேர்த்தாள், அதைப் பிறகு சொல்கிறேன்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். எதை வாங்குவது, எங்கே தேடுவது என்பவற்றை நாம் இரண்டு தனிக் கேள்விகளாக நினைக்கிறோம். உண்மையில் முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இரண்டாவதற்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஆப் ஃபிளாட்டுக்கு நன்றாகவே உதவுகிறது. மனைக்கு அது உதவுவதை விட ஏமாற்றுவதுதான் அதிகம்.

அந்த 37 அழைப்புகள் எங்கிருந்து வந்தன

99ஏக்கர்ஸ் 2005ல் வந்தது. நௌக்ரி வேலைத்தளத்தை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் நிறுவனத்துடையது. அடுத்த ஆண்டு டைம்ஸ் குழுமத்தின் மேஜிக்பிரிக்ஸ் வந்தது. ஐ.ஐ.டி. பம்பாய் மாணவர்கள் 2012ல் தொடங்கியது ஹவுசிங் டாட் காம். அதன் தலைமைச் செயல் அதிகாரி ராகுல் யாதவ் 2015ல் தன் பங்குகளை ஊழியர்களுக்கே கொடுப்பதாக அறிவித்து, சில வாரங்களில் நிர்வாகக் குழுவால் நீக்கப்பட்ட கதையை அந்த நாட்களில் செய்தி படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரைச் சேர்ந்த நோபுரோக்கர் 2014ல் தொடங்கியது. 2021ல் இதன் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது.

முதல் மூன்று தளங்களுக்கும் முக்கியமான வருமானம், விளம்பரம் கொடுக்கும் பில்டர்களிடமும் புரோக்கர்களிடமும் இருந்து வருகிறது. நமக்கு இலவசம். இலவசம் என்றால் என்ன அர்த்தம்? நம் தொலைபேசி எண்தான் அங்கே விற்பனைப் பொருள். “லீட்” என்று அவர்கள் சொல்வது மாமாவைத்தான். நோபுரோக்கர் மாதிரியான தளம், உரிமையாளரையும் தேடுபவரையும் நேரே சேர்த்துவைத்து, சந்தாத் திட்டங்களிலும் வீடு மாற்றித் தருவது, வாடகை ஒப்பந்தம் போட்டுத் தருவது போன்ற சேவைகளிலும் சம்பாதிக்கிறது. வாடகை வீட்டுக்கு இது நல்ல வழி. ஒரு மாத வாடகையைக் கமிஷனாக இழப்பதற்குச் சந்தா எவ்வளவோ மேல். விலைக்கு வாங்கும்போது கணக்கு வேறு. உரிமையாளர் மட்டும் என்று சொல்லும் எந்தத் தளத்திலும் உரிமையாளர் வேடத்தில் புரோக்கர் நுழைவது புதிதல்ல. “வீடு உங்க பேர்லதானே சார் இருக்கு?” என்று முதல் கேள்வியாகக் கேட்டால், பாதிப் பேர் “பேமிலி ப்ராப்பர்ட்டி சார்” என்று இழுப்பார்கள்.

“வெரிஃபைடு” என்று பச்சை டிக் போட்டிருப்பதைப் பார்த்து மாமா நிம்மதியடைந்தார். அந்த டிக் பொதுவாகச் சொல்வது, விளம்பரத்தில் உள்ள எண் வேலை செய்கிறது, படம் அந்த இடத்தினுடையதுதான் என்ற அளவுக்குத்தான். மூலப்பத்திரத்தை அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், தெருமுனைப் புரோக்கர். சென்னையில் இவர் பெரும்பாலும் டீக்கடை, இஸ்திரி வண்டி, வாட்ச்மேன் நாற்காலி இந்த மூன்றில் ஒன்றுக்கு அருகில் கிடைப்பார். விற்பனைக்கு ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கேட்பார். ஆப்பில் எட்டு வடிகட்டிகள் போட்டுப் பார்த்த ஒரு கொரட்டூர் வீட்டைப் பற்றிச் சொன்னபோது, அங்கேயிருந்த ஒருவர் டீயை ஊதிக்கொண்டே, “அதுல அண்ணன் தம்பிக்குள்ள கேஸ் ஓடுது சார், மூணு வருஷமா அந்த வீடு விளம்பரத்துல நிக்குது” என்றார். இந்த ஒரு வரிக்கு எந்த ஆப்பிலும் வடிகட்டி கிடையாது.

அதனால் நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது: விலை எந்த அளவில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆப், வீட்டின் கதை தெரிந்துகொள்ள டீக்கடை, உண்மை தெரிந்துகொள்ள அரசுப் பதிவேடு. சரி, விலைக்கு வருவோம்.

ஃபிளாட்: கணக்கு போட்டபோது

நாங்கள் கடைசியில் பிடித்துப்போய்ப் பார்த்த வீடு கொரட்டூரில் ஒரு பழைய அடுக்ககத்தின் முதல் மாடி. சுமார் 800 சதுர அடி. 45 லட்சம், பேசினால் கொஞ்சம் குறையலாம். அதே வீடு மூன்று புரோக்கர்கள் வழியாக 45, 47, 49.5 என்று மூன்று விலைகளில் ஒரே தளத்தில் இருந்தது. ஒரே சமையலறை மேடை, ஒரே முருகன் காலண்டர். காலண்டரை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

விலையைச் சரிபார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி பதிவுத்துறையின் இணையதளம். வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். சர்வே எண்ணைப் போட்டால், அந்த நிலத்தில் நடந்த ஒவ்வொரு கிரயமும், யார் யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்கு என்று வரும். அதே கட்டடத்தில் பக்கத்து வீடு என்ன விலைக்குப் பதிவானது என்று அதில் தெரிந்துவிடும். அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்புக்குச் சற்று மேலே மட்டும் காட்டிப் பதிவு செய்யும் பழக்கம் நம் ஊரில் இருப்பதால் அந்தத் தொகையை அப்படியே நம்ப முடியாது. ஆனாலும் ஆப்பில் உள்ளது கேட்கும் விலை, இதில் உள்ளது எழுதிய விலை. பேரம் பேச உட்காரும்போது இரண்டும் கையில் இருப்பது நல்லது.

இப்போது செலவு. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக்கட்டணம் 4 ஆக இருந்தது. அதைக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை 2017 ஜூன் வரை இருந்த பழைய அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். ஆக, 45 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 4 லட்சத்து 5 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு சதவீதம், 45 ஆயிரம். மொத்தம் 49.5 லட்சம். ஐம்பது முடிந்தது. பத்திரம் எழுதும் செலவும் வக்கீல் கருத்துரைக்கான கட்டணமும் பெயின்ட்டும் அக்காவின் நகைச்சீட்டில் இருந்து வர வேண்டும். “அவ பேர்ல வாங்கினா குறையுமாமே?” என்று மாமா கேட்டார். பெண்கள் பெயரில் பதிவு செய்தால் ஒரு சதவீதச் சலுகை 2025 ஏப்ரலில் இருந்து இருக்கிறது, ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும். எங்களுக்கு உதவவில்லை.

வாடகை 14,000 என்றார்கள். வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 1,54,000. சொத்துவரி, பழுது, மோட்டார் மாற்றப் பங்கு என்று 20,000 கழித்தால் 1,34,000. போட்ட 49.5 லட்சத்துக்கு இது 2.7 சதவீதம். மாமா இந்த எண்ணை மூன்று முறை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார்.

“வீட்டு விலை ஏறும்ல?” என்றார். ஏறும், ஆனால் ஏறுவது கட்டடம் அல்ல, அடியில் உள்ள மண். அதனால்தான் சென்னைக்காரர்கள் ஃபிளாட் என்றதும் முதலில் யு.டி.எஸ். எவ்வளவு என்று கேட்கிறார்கள். பிரிக்கப்படாத நிலப் பங்கு. இந்தக் கேள்வி நம் ஊருக்கே உரிய புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பழைய கட்டடத்தில் 800 சதுர அடி வீட்டுக்கு 430 சதுர அடி நிலப் பங்கு இருந்தது. பத்துப் பன்னிரண்டு மாடிப் புதிய திட்டங்களில் இதில் பாதி கூடத் தேறாது. ஆப் விளம்பரங்களில் ஜிம், நீச்சல் குளம் எல்லாம் படத்தோடு இருக்கும், யு.டி.எஸ். என்ற வரி பல நேரம் காலியாக இருக்கும்.

புதிய ஃபிளாட் பக்கம் சில சாதகங்கள் உண்டு. 2023 டிசம்பரில் இருந்து புதிய அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம்தான். பதிவுக்கட்டணத்தோடு சேர்த்து 6. அதே 45 லட்சத்துக்கு 2.7 லட்சத்தோடு முடியும். கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீடென்றால் ஜி.எஸ்.டி. இல்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் பொதுவாக 5 சதவீதம். சென்னையில் 45 லட்சத்துக்குள்ளும், சுவர்களுக்கு உள்ளே புழங்கும் இடமான கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் மட்டும் ஒரு சதவீதம். 2016ஆம் ஆண்டு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டங்கள் பதிவு செய்யாமல் விளம்பரம் கூடச் செய்யக் கூடாது. வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். புரோக்கரும் பதிவு செய்திருக்க வேண்டும். புதிய திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆப்பை நம்பலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: விளம்பரத்தில் உள்ள ரெரா எண்ணை எடுத்துத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டால், வரைபடமும் முடிக்க வேண்டிய தேதியும் கிடைத்துவிடும்.

காகிதம் சரியாக இருப்பதும் கட்டடம் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைக் கொன்ற பதினோரு மாடிக் கட்டடம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் அனுமதி பெற்றதுதான்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. முடிச்சூரிலோ வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ வீடு பார்க்கப் போனால் வரவேற்பறை எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன், தெருவில் இறங்கி, 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்கள், அல்லது சுவரில் கோட்டைக் காட்டுவார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2025ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதிகளை நிறுத்தச் சொன்னது. அந்தப் பக்கம் வாங்க நினைப்பவர் வெள்ளத்தோடு இதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

மனை: இரண்டாவது கட்டம்

எங்களுக்கு அடி விழுந்தது மனையில்தான்.

திருநின்றவூர் தாண்டி ஒரு லேஅவுட். ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து அழைத்துப்போனார்கள், சாம்பார் சாதம், வடை, தண்ணீர் பாட்டில். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, 30 லட்சம். ஆப்பில் பார்த்துதான் போனோம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியான டி.டி.சி.பி. எண், ரெரா எண் இரண்டும் விளம்பரத்தில் பெரிதாக இருந்தன. நான் அங்கேயே நின்று கைபேசியில் ரெரா தளத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. மாமா 25,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டார். நானும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அனுமதி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மனை எண்கள் 64 வரைதான் இருந்தன. எங்களுக்குக் காட்டியது 71. விசாரித்தால், 64 வரை முதல் கட்டம், அதற்கு மேல் இரண்டாவது கட்டம், “அப்ரூவல் ப்ராசஸ்ல இருக்கு சார், ரெண்டே மாசம்” என்றார்கள். எண் உண்மையானது, அனுமதி உண்மையானது, இரண்டும் பக்கத்து நிலத்தினுடையவை. நடுவில் ஒரு மண் ரோடுதான் இருந்தது, கல்லும் ஒரே மாதிரி மஞ்சள் பெயின்ட் அடித்து நட்டிருந்தார்கள். டோக்கனைத் திரும்ப வாங்க மூன்று வாரமும் ஏழு நடையும் ஆயின. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆப் கம்பெனியையும் குறை சொல்ல மாட்டேன், எண்ணைச் சரிபார்த்த நானே மனை எண்ணைச் சரிபார்க்கவில்லை.

அனுமதி இல்லாத மனை என்பது தமிழ்நாட்டில் எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு 2016 போதும். அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. புறநகர் முழுக்க வாங்கியவர்கள் விற்க முடியாமல், விற்க வந்தவர்கள் பதிய முடியாமல் நின்றார்கள். மறு ஆண்டு அப்படிப்பட்ட மனைகளை அங்கீகரிக்கும் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20க்கு முன்னால் உருவான மனைகளுக்கு மட்டும்.

ஆகவே மனையைப் பொறுத்தவரை ஆப் வெறும் பெயர்ப்பலகை. எந்த ஏரியாவில் எந்த விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதோடு மூடிவிடுங்கள். மற்றது எல்லாம் வேறு இடத்தில். தாலுகா பதிவேட்டில் பட்டா யார் பெயரில் என்பதை இணையத்திலேயே பார்க்கலாம். ஏ-பதிவேடு அந்த சர்வே எண் பட்டா நிலமா, புறம்போக்கா, நீர்நிலையா என்று சொல்லும். நில அளவை வரைபடமான புலப்படத்தில் அளவுகள் இருக்கும். குறைந்தது முப்பது வருட வில்லங்கம் எடுங்கள். உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, அதாவது பவரை, வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். சங்கடமான கேள்விதான். ஆனால் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்தப் பவரும் அவரோடு முடிந்தது. கடைசியில் உங்கள் மனை எண் அனுமதி வரைபடத்தில் இருக்கிறதா? எங்களைப் போல அவசரப்படாதீர்கள்.

மனையின் இன்னொரு குறை, அது ஒரு பைசா வருமானம் தராது. 30 லட்சமும் பதிவுக்கு 2.7 லட்சமும் போட்டுவிட்டு, வருடத்துக்கு இருமுறை போய் முள்செடி வெட்டி, கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். விலை ஏறும் என்ற நம்பிக்கைக்கு ஊரில் பஞ்சமில்லை. பரந்தூர் விமான நிலையம் வருகிறது, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்துவிட்டது, மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் என்று விளம்பரங்களும் அதையே சொல்லும். இவையெல்லாம் உண்மைதான். மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர் போகும் தடம் எங்கள் வில்லிவாக்கம் வழியாகவே போகிறது. ஆனால் அறிவிப்பு வந்த அன்றே அது மனை விலையில் ஏறிவிடுகிறது. ரயில் வரும்வரை வட்டியில்லாமல் காத்திருப்பது நாம்தான். “பரந்தூருக்கு 15 நிமிடம்” என்று ஒரு பதாகை பார்த்தேன். அந்த விமான நிலையத்துக்கு நிலம் தர மறுக்கும் ஏகனாபுரத்து மக்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள், ஓடுபாதைக்கு மண்ணே தோண்டவில்லை, நிமிடக் கணக்கு வந்துவிட்டது.

ரீட், பிறகு மகளின் யோசனை

நூறு ரூபாய், முந்நூறு ரூபாய்க்கு ஒரு அலுவலக வளாகத்தில் பங்கு என்றதும் மாமா சிரித்தார். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014ல் விதி வகுத்து, முதல் ரீட்டாக எம்பஸி 2019ல் பங்குச்சந்தைக்கு வந்தது. பிறகு மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, 2023ல் மால்களை வைத்திருக்கும் நெக்ஸஸ். சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடிந்து வருமானம் தருவதாக இருக்க வேண்டும், பகிர்ந்தளிக்கக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். 2021ல் இருந்து ஒரே ஒரு யூனிட் கூட வாங்கலாம். சென்னையும் உள்ளே இருக்கிறது: போரூர் கமர்ஸோன் மைண்ட்ஸ்பேஸிடம், பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் ஒரு வளாகம் எம்பஸியிடம், வடபழனி விஜயா மால் நெக்ஸஸிடம். “அந்த மால்ல படம் பார்த்துட்டு பார்க்கிங்குக்கு நான் கொடுத்த காசுல எனக்கே பங்கு வருமா?” என்று மாமா கேட்டார். வரும், கண்ணுக்குத் தெரியாத அளவில்.

வருமானம் சுமார் 5 முதல் 7 சதவீதம் என்ற அளவில் வந்திருக்கிறது. ஃபிளாட்டின் 2.7க்கு முன்னால் நல்ல எண். ஆனால் யூனிட் விலை இறங்கும். 275 ரூபாய்க்கு வெளியான புரூக்ஃபீல்டு 2023ல் 250க்குக் கீழேயும் போயிற்று. வீட்டு விலை இறங்கினால் நமக்குத் தெரிவதில்லை, இது தினமும் கைபேசியில் சிவப்பாகத் தெரியும். தூக்கம் கெடுகிறவர் விலகி இருப்பது நல்லது. பத்து லட்சத்தில் ஒரே கட்டடத்தில் பங்கு வாங்கும் சிறு ரீட் முறையையும் செபி 2024ல் கொண்டுவந்துவிட்டது. ஓய்வூதியக்காரர் பத்து லட்சத்தை ஒரே கட்டடத்தில், ஒன்றிரண்டு வாடகைக் கம்பெனிகளை நம்பிப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் அதில் இறங்கவில்லை.

மகளின் யோசனை: “அப்பா, வீடு வாங்கறதுக்கு பதிலா வீடு காட்டற கம்பெனில பங்கு வாங்கலாமே?” கேட்க நன்றாகத்தான் இருந்தது. நோபுரோக்கர் சந்தையில் பட்டியலாகவில்லை. ஹவுசிங் ஆஸ்திரேலியாவின் ஆர்.இ.ஏ. குழுமத்தின் கையில். மேஜிக்பிரிக்ஸ் டைம்ஸ் குழுமத்துக்குள். சாதாரண ஆள் நேரே வாங்கக்கூடியது இன்ஃபோ எட்ஜ் பங்கு, ஆனால் அதை வாங்கினால் முக்கியமாக வாங்குவது நௌக்ரியை, 99ஏக்கர்ஸ் கூடவே வரும் துண்டு. அவளே விட்டுவிட்டாள்.

அஞ்சலகம் நடுவில் வந்து உட்கார்ந்தது

இத்தனைக்கும் பிறகு, எந்த ஆப்பும் காட்டாத ஒன்றை வில்லிவாக்கம் தபால் நிலையத்தில் பார்த்தோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், வட்டி 8.2 சதவீதம், உச்சவரம்பு 30 லட்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். வருடத்துக்கு 2,46,000. கொரட்டூர் வீட்டில் ஐம்பது லட்சத்தைப் போட்டு, குடித்தனக்காரரோடும் பிளம்பரோடும் மல்லுக்கட்டி வருவதை விட, முப்பது லட்சத்தைப் போட்டுச் சும்மா இருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் அதிகமாக வருகிறது. வட்டிக்கு வரி உண்டு என்பது உண்மை. வாடகைக்கும் உண்டு, அதில் 30 சதவீதக் கழிவு கிடைக்கும். அப்படியும் அஞ்சலகம்தான் முன்னால் நிற்கிறது.

இது மாமாவின் கணக்கு. வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிற இளம் தம்பதிக்கு முடிவு வேறாக இருக்கும். அவர்களுக்கு ஃபிளாட் முதலீடு அல்ல, வீட்டுக்காரர் “பையனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்க” என்று சொல்லாத நிம்மதி. அதை 2.7 சதவீதத்தில் அளக்க முடியாது. அவர்கள் ஆப்பில் தேடுவது சரி, புதியதோ பழையதோ யு.டி.எஸ். பார்த்து வாங்கட்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே யாருக்கோ பவர் கொடுத்து மனை வாங்குகிறவர்களுக்கு மட்டும் நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பேன், ரீட்டே போதும்.

மாமா முப்பதை அஞ்சலகத்தில் போட்டுவிட்டார். நான்கு லட்சத்துக்கு இரண்டு ரீட்களில் யூனிட் வாங்கினோம், எடுத்ததும் கொஞ்சம் இறங்கியது, அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மீதி 16 லட்சத்தில் என்ன செய்வதென்று அக்காவுக்கும் அவருக்கும் ஒரு வாரம் பேச்சு நடந்தது. மண் வேண்டும் என்பதில் அவர் நகரவே இல்லை. “பொண்ணுக்கு பேப்பரைக் கொடுக்கறது வேற, இடத்தைக் காட்டறது வேற” என்றார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் வருமானத்துக்கான பணம் தனியே பத்திரமாக இருக்கும்போது, மிச்சத்தில் அவர் ஆசைப்படுவதை நான் தடுக்க வேண்டியதில்லை.

திருவள்ளூர் பக்கம் 800 சதுர அடியில் மூன்று மனைகள் டைரியில் இருக்கின்றன. பதிவோடு சேர்த்து 15.3 லட்சம் வரை வரும். மூன்றுக்கும் மனை எண் அனுமதி வரைபடத்தில் இருக்கிறது, இந்த முறை நானும் அவரும் தனித்தனியாகப் பார்த்தோம். ஒன்றின் ஏ-பதிவேட்டில் பக்கத்து சர்வே எண் “ஓடை” என்று இருக்கிறது. ஓடைக்கும் மனைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது புலப்படத்தில் தெரிந்தாலும், தண்ணீர் புலப்படம் பார்த்து ஓடுவதில்லை. அதனால் நவம்பர் மழை நன்றாகப் பிடித்த பிறகு ஒரு நாள், குடையோடு, முதல் மின்சார ரயிலில் போவதாக இருக்கிறோம். டீக்கடை எங்கே என்று மாமா ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறார்.